பத்தாம் இலக்கச் சட்டை

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமிருக்கும். அஸர் தொழுகை முடிந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு கெம்பல் பார்க் பக்கம் ஓடிவிடுகிற என் தம்பி, அன்று அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தான். பயிற்சிக்குப் போகவில்லையா என்று உம்மா இரண்டு தரம் கேட்டும் பதிலில்லை. கட்டிலுக்குக் கீழே அவனுடைய பத்தாம் இலக்கச் சட்டை சுருண்டு கிடந்தது. அவன் அதைத் தன் கையால் கழுவி, யாரையும் தொடவிடாமல் காயப்போடுகிறவன். ஆகவே ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வாய் திறந்தான்.

"இனி என்ன ஸ்டொப்பராப் போடுறாங்களாம், ராத்தா. பத்தாம் நம்பர் வேற ஒரு பொடியனுக்கு."

ஒரே வருடத்தில் தம்பி தென்னம்பிள்ளைபோல வளர்ந்துவிட்டான். பதினான்கு வயதில் வாப்பாவின் காதைத் தாண்டிவிட்டது உயரம். அவனுடைய அணியோ உயர்ந்து வரும் பந்துகளைத் தலையால் அடிக்க ஆளில்லாமல் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. உயரமான பையனைக் கோலுக்கு முன்னால் நிறுத்துவது பயிற்றுவிப்பாளருக்குச் சரியாகப் பட்டிருக்கிறது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அன்றிரவு தம்பிக்கு நான் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

"சொன்ன எடத்துல நில்லேன். டீமுலயாவது இரிக்கலாமே."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இந்தக் கட்டுரை அந்தப் பார்வையிலிருந்துதான் தொடங்குகிறது. உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பெண்கள் கல்லூரி இதழில் ஒரு மாணவி எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். பந்து எங்கேயோ தொடங்கி எங்கள் பக்கமும் வரும்.

பத்தாம் இலக்கக்காரன் என்ன செய்கிறான் என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் எங்கள் மாமா. மாளிகாவத்தையில் தையல் மெஷின் திருத்துகிறவர். எண்பதுகளில் கொழும்பில் ஒரு சிறிய கழகத்துக்காக மத்திய களத்தில் ஆடியவர். அவர் அடித்த ஒரு கோலைக்கூட யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்று உம்மா கேலி செய்வார். மாமா சிரித்துக்கொண்டே, "அடிச்சவனெல்லாம் எனக்குத்தான் பிளேன்டீ வாங்கித் தந்தான்" என்பார்.

மறுநாள் வந்த மாமா மேசையிலிருந்த கோப்பைகளை வீரர்களாக அடுக்கினார். பின்களத்தவரின் வேலை மறிப்பது. முன்களத்தவரின் வேலை அடிப்பது. இருவருக்கும் நடுவில் ஒருவன் இருக்கிறான். எதிரணி ஒழுங்காக நிற்கும்போது அந்த ஒழுங்கில் எங்கே ஓட்டை விழப்போகிறது என்று முன்கூட்டியே கண்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் பந்தை அனுப்புவது அவனுடைய வேலை. ஆங்கில வர்ணனையாளர்கள் பிளேமேக்கர் என்கிறார்கள். மாமாவின் பாஷையில் அவன் 'பந்து பிரிக்கிறவன்'.

"பந்து கால்ல வாறத்துக்கு முந்தியே பாத்திரிக்கோணும், மகள். வந்த பொறகு பாத்தா சுணங்கிப் போச்சி."

இன்னொன்றும் சொன்னார். மைதானத்தில் அதிகமாகப் பந்தைப் பறிகொடுப்பவர்களில் அவனும் ஒருவன். பத்தடி தூரத்தில் நிற்கும் தோழனுக்குத் தட்டிவிடுவது எவருக்கும் முடியும். இரண்டு பேருக்கு நடுவால், ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனின் காலுக்கு முன்னால் போடுகிற பந்து பலமுறை தவறும். ஐந்து தவறி ஆறாவது கோலாகும். அந்த ஐந்தையும் பொறுத்துக்கொள்ளும் அணிக்குத்தான் ஆறாவது கிடைக்கும்.

மாமா சொன்னதைக் கேட்டபோது எனக்கு 2022 டிசம்பர் ஞாபகம் வந்தது. கட்டாரில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்த நாட்கள். மொரோக்கோ ஸ்பெயினைப் பெனால்டியில் வென்று, போர்த்துக்கலை 1-0 என வென்று, அரையிறுதிக்குப் போன முதலாவது ஆபிரிக்க நாடானது. எங்கள் ஒழுங்கையில் அன்றிரவு ஒரே ஆரவாரம். வீட்டுக்கு வீடு கதவு திறந்திருந்தது. உம்மும்மாகூட, 'ஆர் வென்ற?' என்று கேட்டுவிட்டு துஆச் செய்தார். பிரான்ஸுடனான அரையிறுதியில் 0-2 எனத் தோற்றபோது தம்பி அழுதான். மாமா மட்டும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "நல்லா மறிக்கிறாங்க. பந்து பிரிக்கத்தான் ஆள் போதாது" என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. வென்று வந்தவர்களைக் குறை சொல்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

இப்போது தம்பியின் கட்டிலருகே அமர்ந்து நான் கேட்டேன்: ஆபிரிக்க அணிகளில் பந்து பிரிக்கிறவர்கள் உண்மையிலேயே குறைவா? அவனும் எழுந்து உட்கார்ந்தான். இருவருமாகப் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினோம். அதுவரை பேசாதிருந்தவன் பேசினான். எனக்கு அதுவே பெரிய லாபமாக இருந்தது.

தேடிப் பார்த்தால், முன்பு அவர்கள் நிறையவே இருந்திருக்கிறார்கள். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்த லக்தார் பெலூமி அந்த அணியின் மூளையாக இருந்தவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் சாம்பியா இத்தாலியை 4-0 என்று தோற்கடித்தது. அதில் மூன்று கோல்கள் கலுஷா புவால்யாவுடையவை. கானாவின் அபெடி பெலே 1991 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆபிரிக்காவின் சிறந்த வீரரானார். நைஜீரியாவின் ஜே-ஜே ஒகோச்சா 1993இல் ஜேர்மன் லீக்கில், ஒலிவர் கான் காத்துநின்ற கோல் வாசலில், பின்களத்தவரையும் கானையும் இங்குமங்கும் விழவைத்துவிட்டுப் பந்தை உள்ளே தள்ளினார். அந்தக் காட்சியைத் தம்பி எட்டுத் தடவை பார்த்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நைஜீரியா அரையிறுதியில் பிரேசிலையும் இறுதியில் ஆர்ஜன்டீனாவையும் வென்று தங்கம் பெற்றபோது அதே ஒகோச்சா நடுவில் நின்றார். எகிப்தின் முஹம்மத் அபூ தரீக்கா 2006, 2008 ஆபிரிக்கக் கிண்ணங்களைத் தன் நாட்டுக்கு வென்று கொடுத்தவர்களில் முதன்மையானவர். 2008 இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையதுதான்.

பிறகு என்ன நடந்தது? அதற்குப் பிந்திய ஆபிரிக்காவின் பெரிய மத்தியகளப் பெயர்களைக் கேட்டால் வலிமைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மைக்கல் எசியன், யாயா டூரே, இன்னும் பலர். இவர்கள் திறமையில் குறைந்தவர்களல்லர். யாயா டூரே நான்கு முறை ஆபிரிக்காவின் சிறந்த வீரரானவர். அவர் காலில் வலிமையோடு கலையும் இருந்தது. ஆனாலும் ஒகோச்சாபோல் ஆட்டத்தின் கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கும் பத்தாம் இலக்கக்காரரைத் தேசிய அணிகளில் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

தேடிக்கொண்டு போனபோது எங்களை நிறுத்திவைத்த கதை ஜோன் ஒபி மிக்கேலுடையது.

2005இல் நெதர்லாந்தில் இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் நடந்தது. இறுதியில் ஆர்ஜன்டீனாவும் நைஜீரியாவும் மோதின. ஆர்ஜன்டீனா 2-1 என்று வென்றது. இரண்டு கோலையும் பெனால்டியில் அடித்தவர் மெஸ்ஸி. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து மெஸ்ஸிக்கு. இரண்டாமவருக்கான வெள்ளிப் பந்து மிக்கேலுக்கு. அன்று மிக்கேல் முன்னால் நின்று ஆட்டத்தை உருவாக்குகிறவர். அடுத்த ஆண்டு செல்சீ கழகத்துக்குப் போனார். அங்கே அவரைப் பின்களத்துக்கு முன்னால் நிறுத்தி, மறிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்த வேலையைப் பிழையில்லாமல் செய்தார். 2012இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணமும் வென்றார். ஆகவே அவர் வாழ்க்கை வீணானது என்று சொல்ல முடியாது. தேசிய அணிச் சட்டை போட்டபோது கொஞ்சம் முன்னால் நின்று ஆடினார். 2013இல் நைஜீரியா ஆபிரிக்கக் கிண்ணம் வென்ற அணியில் அவரும் இருந்தார். ஆனால் பதினெட்டு வயதில் மெஸ்ஸிக்கு அடுத்தபடியாக நின்ற அந்தப் பையன் பத்தாம் இலக்கத்திலேயே வளர்ந்திருந்தால் என்னவாகியிருப்பான் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

தம்பி வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அவரும் உயரம்தானே ராத்தா" என்றான்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் ஒன்றல்ல.

முதலாவது சந்தை. ஆபிரிக்காவின் திறமையான பிள்ளைகளுக்கு ஐரோப்பிய லீக்தான் கனவு. வாங்க வருகிற கழகங்கள் வேகத்தையும் உடல் வலிமையையும் ஒரே ஆட்டத்தில் கண்டுகொள்ளலாம். பந்து வருவதற்கு முன்பே பார்த்துவைக்கிற கண்ணை ஒரு பிற்பகலில் அளந்துவிட முடியாது. விலை போவதைத்தான் விளைவிப்பார்கள். வயலுக்கும் அதே விதி, மைதானத்துக்கும் அதே விதி.

இரண்டாவது தரை. மேடும் பள்ளமுமான திடலில் பந்து துள்ளும். துள்ளுகிற பந்தைத் தட்டித் தட்டி விளையாடுவதைவிடத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதே லாபம். அங்கே ஓட்டக்காரன் பிழைப்பான். பந்து பிரிக்கிறவன் கஷ்டப்படுவான்.

மூன்றாவது அவசரம். தேசிய அணிப் பயிற்றுவிப்பாளருக்குச் சில மாதங்களில் வெற்றி காட்ட வேண்டியிருக்கிறது. தோற்றால் வேலை போய்விடும். ஐந்து பந்து தவறுவதைப் பொறுத்திருக்க அவருக்கு நேரமில்லை.

நான்காவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அது பார்வை. 2020இல் ரன்ரிப்பீட் என்ற நிறுவனம், இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து, நான்கு ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனைகளை ஆராய்ந்தது. புத்திசாலித்தனமாக ஆடினார் என்ற பாராட்டில் பெரும்பகுதி வெளிர் நிறத்தவருக்குப் போயிருந்தது. பலசாலி, வேகக்காரர் என்ற பேச்சு கறுப்பு நிறத்தவரைப் பற்றியே மிக அதிகமாக இருந்தது. வர்ணனையாளர்கள் வேண்டுமென்று அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பழகிய கண் பழகியதையே காண்கிறது. ஒரு பிள்ளையைப் பார்த்தவுடனே 'இவன் ஓடுவான்' என்று முடிவெடுத்துவிட்டால், அவன் யோசிப்பானா என்று பிறகு யார் பரீட்சித்துப் பார்க்கப்போகிறார்கள்?

இந்த இடத்தில்தான் பந்து எங்கள் பக்கம் வந்தது.

நம் நாட்டு உதைபந்தாட்டத்தைப் பார்ப்போம். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றது. மாமா அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆறிய தேநீர்தான் குடிப்பார். அதன் பிறகு அந்தக் கிண்ணம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 2006 ஆசிய சவால் கிண்ணத்தில் இறுதிவரை போய் தஜிகிஸ்தானிடம் 0-4 எனத் தோற்றோம். 2023இல் சர்வதேச சம்மேளனமே எங்கள் சம்மேளனத்தைச் சில மாதங்கள் தடைசெய்து வைத்திருந்தது. இவ்வளவு காலத்திலும் உதைபந்தாட்டம் அறியாதவர்களுக்கும் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால், பலரும் சொல்வது சுஜான் பெரேராவை. அவர் அணித் தலைவராக இருந்த கோல் காப்பாளர். அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் ஓர் அணியின் மிகப் பெரிய பெயர் கோல் காப்பாளராக இருக்கிறதென்றால், பந்து பெரும்பாலும் எந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2021 நவம்பரில் குதிரைப் பந்தயத் திடல் மைதானத்தில் நான்கு நாடுகளின் கிண்ணம் நடந்தது. இறுதியில் எங்களோடு ஆடியது சீஷெல்ஸ். இந்து சமுத்திரத்திலுள்ள குட்டி ஆபிரிக்க நாடு. ஆட்டம் 3-3 எனச் சமநிலையாகி, பெனால்டியில் கிண்ணம் அவர்களுக்குப் போனது. ஆனால் அந்தத் தொடரில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட பெயர் வசீம் ராசீக். மாலைதீவுக்கு எதிராக எங்கள் அணியின் நான்கு கோலையும் தனியொருவராக அடித்து ஆட்டத்தை 4-4 ஆக்கியவர். அவர் வளர்ந்ததும் ஆட்டம் பழகியதும் ஜேர்மனியில். மொரோக்கோ அணியும் அப்படித்தான். 2022இல் அவர்களுடைய 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களின் கலைநயமிக்க ஆட்டக்காரரான ஹக்கீம் சியேச் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். இரத்தம் ஒன்றுதான். தரையும் பொறுமையும் வேறு. அதே குடும்பத்துப் பிள்ளை அங்கே வளர்ந்தால் பந்து பிரிக்கிறான், இங்கே வளர்ந்தால் மறிக்கிறான் என்றால், குறை பிள்ளையிலில்லை.

இதையெல்லாம் தம்பிக்குப் பெரிய மனுஷி மாதிரி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்ப நீங்க மட்டும் ஏன் என்ன சொன்ன எடத்துல நிக்கச் சொன்ன?"

என்னிடம் பதிலிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே சொல்கிறேன்.

ஒன்பதாம் ஆண்டில் ஒரு கட்டுரைப் போட்டியில் பங்குபற்றினேன். தலைப்பு 'என் ஊர்'. பொரளையைப் பற்றி என் மனதிலிருந்ததை எழுதினேன். சந்தியில் ஆறு பக்கத்திலிருந்தும் வந்து முட்டிக்கொள்ளும் பஸ்கள், கனத்தைச் சுவரோரம் பூ விற்கும் பெண், அவள் எங்கள் உம்மும்மாவின் பெயர் சொல்லிச் சுகம் விசாரிப்பது, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து வழி தெரியாமல் நிற்கும் தூர ஊர்க்காரர்களுக்கு வாப்பா வழி காட்டுவது. எனக்கு அது பிடித்திருந்தது. ஓரிடமும் கிடைக்கவில்லை. கட்டுரை 'தலைப்பின் கட்டமைப்புக்குள் இல்லை' என்று சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு ஒரு மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து முன்னுரையும் முடிவுரையும் மனனம் செய்துகொண்டு போனேன். முதலிடம் கிடைத்தது. சான்றிதழை வாப்பா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட எனக்கு இப்போது ஞாபகமில்லை.

அன்றிலிருந்து நான் பத்தடிப் பந்துதான் தட்டிக்கொண்டிருக்கிறேன். பரீட்சையில் தெரிவு வினா வந்தால் யோசிக்க வேண்டிய கேள்வியை விட்டுவிடுவேன். வகுப்பில் கை உயர்த்துவதென்றால் விடை நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். பந்து தவறவில்லை. கோலும் விழவில்லை. அதனால்தான் தம்பிக்கும் அதையே சொன்னேன். நான் ஒளிந்து நிற்கும் இடத்துக்கு அவனையும் கூப்பிட்டிருக்கிறேன்.

தம்பி ஸ்டொப்பராகப் பயிற்சிக்குத் திரும்பினான். பெரிய முடிவெல்லாம் எடுக்கவில்லை. விளையாடாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து வந்த ஆட்டத்துக்கு வாப்பாவும் மாமாவும் நானும் போயிருந்தோம். வெயில் தாழ்ந்த நேரம். தம்பி ஐந்தாம் இலக்கத்தில் நின்றான். உயர்ந்து வந்த பந்தையெல்லாம் தலையால் அடித்து வெளியே தள்ளினான். பயிற்றுவிப்பாளர் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது. இடைவேளை வரைக்கும் 0-0.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து அவன் காலில் வந்து நின்றது. "அடி, அடி, வெளிய அடி" என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தம். அவன் அடிக்கவில்லை. தலையை உயர்த்திப் பார்த்தான். இரண்டடி முன்னால் கொண்டுபோய், எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவால் வலப்பக்கம் நீளமாக ஒரு பந்து விட்டான். அது போகவில்லை. நடுவில் நின்றவன் காலை நீட்டிவிட்டான். நான்கே உதையில் கோல்.

அடுத்த நிமிடம் தம்பியை வெளியே எடுத்துவிட்டார்கள். அணி 0-1 எனத் தோற்றது. அவன் கோட்டுக்கு வெளியே துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த சிலர் அவனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு வாப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது யாரும் பேசவில்லை. பள்ளிவாசலைத் தாண்டியதும் மாமாதான் கேட்டார்.

"அந்தப் பந்த விடச் செல்ல எங்க பாத்த, மகன்?"

தம்பி தயங்கினான். ஏச்சு வருகிறதென்று நினைத்திருப்பான்.

"வலப்பக்கத்துப் பொடியன் ஓடத் தொடங்கிட்டான் மாமா. அவனுக்கு முன்னால ஆருமில்ல. போயிரிந்தா அவனும் கோல்கீப்பரும் மட்டும்தான்."

மாமா நின்றுவிட்டார். தெரு நடுவில் நின்று, கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்போலக் கண்ணை மூடித் திறந்தார்.

"பாத்தது சரி. ரெண்டடி கொண்டு போனதுதான் பிழ. அந்த ரெண்டடியில சுணங்கிட்ட. பாத்த ஒடனே விட்டிரிக்கோணும்."

அவ்வளவுதான் சொன்னார். தம்பியின் முகத்தில் வந்த மாற்றத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அன்று முழுக்க அவனிடம் எல்லோரும் 'ஏன் அப்படிச் செய்தாய்' என்றுதான் கேட்டிருந்தார்கள். 'என்ன பார்த்தாய்' என்று கேட்டவர் மாமா ஒருவர்தான். அவன் மாமாவோடு பேசிக்கொண்டே முன்னால் நடந்தான். எந்தக் காலால் விட்டிருக்கலாம், பந்து எவ்வளவு உயரத்தில் போயிருக்க வேண்டும் என்று வீடு வரைக்கும் அதே பேச்சு.

வாப்பாவும் நானும் பின்னால் வந்தோம். கொஞ்ச தூரம் போனதும் வாப்பா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அந்த ஓடின பொடியனத் தெரியவே இல்ல, மகள். நான் பந்தத்தான் பாத்துக்கொண்டிருந்தன்."

அதைக் கேட்டபோது, சாதாரணதரப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சு நினைவுக்கு வந்தது. பெறுபேற்றைப் பார்த்தவுடன் எல்லோரும் உயிரியல் பிரிவு என்றார்கள். நானும் சரியென்றேன். யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நானாகவும் சொல்லவில்லை. நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை நிற்க வேண்டிய இடமென்று ஒன்று இருந்தது. நான் போய் நின்றேன். இப்போது அந்தப் பிரிவை நான் விரும்பித்தான் படிக்கிறேன், மிக்கேலும் தன் வேலையை நேசித்திருப்பார். இருந்தாலும் அன்று யாராவது 'நீ என்ன பார்க்கிறாய்' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சில இரவுகளில் யோசிப்பதுண்டு.

எங்கள் பெற்றோரும் ஆசிரியர்களும் எங்களை நேசிக்கிறார்கள். அதில் சந்தேகமில்லை. இந்தக் காலத்தில் ஒரு பிள்ளை தவறினால் தாங்கிக்கொள்ள எத்தனை குடும்பங்களால் முடியும்? ரியூசன் காசு கட்டுவதற்கே வாப்பாமார் படும் பாடு எங்களுக்குத் தெரியும். பணமும் நேரமும் குறைந்த அணி கோலைக் காக்கத்தான் முதலில் பார்க்கும். ஆபிரிக்க அணிகளும் அதைத்தான் செய்கின்றன. அதனால் எல்லாப் பிள்ளைகளையும் பத்தாம் இலக்கத்தில் நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டொப்பர் இல்லாமல் அணியில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். பந்து தவறிய அன்று, ஏசுவதற்கு முன்னால், எங்கே பார்த்தாய் என்று ஒரு தரம் கேளுங்கள்.

தம்பி இப்போதும் ஐந்தாம் இலக்கம்தான். அடுத்த ஆட்டத்திலும் அவனை அங்கேதான் நிறுத்தினார்கள். ஆனால் சனிக்கிழமைகளில் மாமா தையல் மெஷின் எண்ணெய் படிந்த கையோடு வந்து, எங்கள் ஒழுங்கையில் இரண்டு கதிரைகளை வைத்து, நடுவால் பந்து விடப் பழக்குகிறார். கதிரை காலில் பட்டுப் பந்து தெறித்து வரும் சத்தம் மஃரிப் பாங்கு வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு சிங்கள அன்ட்டி முதலில் சத்தம் போட்டார். இப்போது அவருடைய மகனும் வருகிறான்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த பத்தாம் இலக்கச் சட்டையைத் தம்பி கழுவி எடுத்துவிட்டான். ஒழுங்கையில் விளையாடும்போது அதைத்தான் போடுகிறான். கைகள் இரண்டும் குட்டையாகிவிட்டன.

இந்த இதழுக்குக் கட்டுரை தரும்படி எங்கள் தமிழ் ஆசிரியை கேட்டபோது, பழைய மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தை எடுக்கத்தான் என் கை போனது. எடுக்கவில்லை. இதை எழுதியிருக்கிறேன். இது போய்ச் சேருமோ, நடுவில் யாராவது காலை நீட்டுவார்களோ தெரியாது.